கேப்டன் குக் ஹாலுக்கு வந்த கதை: கையால் வரைந்த நகல் என்றால் என்ன?

சிட்னியில் இருக்கும் என் அத்தை மகன் புது வீட்டு ஹாலில் மாட்டுவதற்கு ஒரு பெரிய ஓவியம் வாங்கினான். ஆன்லைனில் ஆர்டர் கொடுத்தது. 'முழுக்கக் கையால் வரைந்தது' என்று ஒரு சான்றிதழும் கூடவே வந்தது. 1770இல் பிரிட்டிஷ் மாலுமி கேப்டன் குக் ஆஸ்திரேலியாவின் பாட்டனி விரிகுடாவில் கரையிறங்கும் காட்சி அது. ஏன்டா இந்தப் படம் என்று கேட்டேன். "சோபா கலருக்குப் பொருந்துது மச்சான்" என்றான். சரி.

போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் ஆரம்பித்தது. சித்தப்பா, "டூப்ளிகேட்டுக்கா இவ்வளவு காசு?" என்றார். அக்கா, "கையால வரைஞ்சா அது ஒரிஜினல்தானே சித்தப்பா" என்றாள். அத்தை மகனின் ஏழாவது படிக்கும் பையன், "குக் இப்படித்தான் வந்து இறங்கினாரா மாமா?" என்று கேட்டான். மூன்றும் வேறு வேறு கேள்விகள். ஆனால் எல்லாரும் ஒரே கேள்வி என்று நினைத்துக்கொண்டு ராத்திரி பதினொன்று வரை சண்டை போட்டார்கள். குழுவில் தட்டிக்கொண்டிருக்க என் கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஜெராக்ஸ் கடையிலிருந்து ஆரம்பிப்போம்

வேலைக்கு விண்ணப்பம் போடும்போது சான்றிதழை ஜெராக்ஸ் எடுத்து, ஒரு கெஜட்டட் ஆபீசரைத் தேடிப்பிடித்து, 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்து வாங்கிய தலைமுறை நாம். அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம்? அசல் தாளில் இருப்பதும் இந்தத் தாளில் இருப்பதும் ஒன்றுதான் என்பது மட்டுமே.

என் அப்பா பிறந்தது ஐப்பசி அடைமழையில், வாசலில் முழங்கால் தண்ணீர் நின்றது என்று பாட்டி சொல்வாள். சான்றிதழில் ஜூன் 1 என்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் வயதுக்குத் தோதாகப் போட்டுக்கொடுத்த தேதி. (உங்கள் வீட்டிலும் ஒரு ஜூன் மாதத்துக்காரர் இருப்பார், பாருங்கள்.) அந்தச் சான்றிதழை அப்பா எத்தனை முறை நகலெடுத்துக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் ஒவ்வொன்றும் உண்மை நகல்தான். ஆனால் தேதி உண்மையில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவும் இல்லை.

ஒரு நகல் தன் அசலுக்கு உண்மையாக இருப்பது ஒன்று, அந்த அசல் நடந்த விஷயத்துக்கு உண்மையாக இருப்பது இன்னொன்று. ஹாலில் தொங்கும் குக் படத்தைப் புரிந்துகொள்ள இது போதும். மிச்சமெல்லாம் விவரம்.

நகல், போலி, அச்சு

முதலில் சித்தப்பாவுக்குப் பதில்.

ஒரு ஓவியத்தைப் பார்த்து இன்னொருவர், 'இது அதன் பிரதி' என்று வெளிப்படையாகச் சொல்லி வரைந்தால் அது நகல். அதையே அசல் என்று நம்பவைக்க வரைந்தால், அல்லது விற்றால், அது போலி. கித்தானிலும் (கேன்வாஸ்) வண்ணத்திலும் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லாமல் இருக்கலாம், சொல்லி விற்கும் வார்த்தையில்தான் வித்தியாசம். தஞ்சாவூர் ஓவியத்தில் அதே வெண்ணெய்க் கிருஷ்ணனைத் தலைமுறை தலைமுறையாக வரைகிறார்கள், அதை யாராவது போலி என்கிறோமா? நூறு வருஷப் பழசு என்று பொய் சொல்லிப் புகை போட்டுக் கருக்கி விற்றால்தான் போலி.

நகலெடுப்பதை அருங்காட்சியகங்களே அனுமதிக்கின்றன. பாரீஸ் லூவரில் அனுமதி வாங்கிக்கொண்டு அசலின் முன்னாலேயே ஸ்டாண்டு போட்டு வரையலாம். ஆனால் நகலின் அளவு அசலைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடவோ குறையவோ இருக்க வேண்டும், மூல ஓவியரின் கையெழுத்தைப் போடக் கூடாது. நாளைக்கு யாரும் இதை அசலென்று தூக்கிக்கொண்டு வரக் கூடாது என்பதற்கான ஏற்பாடு.

மூன்றாவது வகை அச்சு. மனிதக் கை இல்லாமல், அல்லது கிட்டத்தட்ட இல்லாமல், இயந்திரம் எடுத்துத் தருவது. நம் வீட்டு பூஜையறைகளில் லட்சுமியும் சரஸ்வதியும் குடியேறியது இப்படித்தான். ரவிவர்மா 1894இல் பம்பாயில் ஓர் அச்சகம் தொடங்கி, தன் எண்ணெய் ஓவியங்களைக் கல்லச்சில் ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறமாக அடித்து, எண்ணெய் ஓவியம் போலவே தெரியும் தாள்களாக வெளியிட்டார். அந்த முறைக்கு ஓலியோகிராஃப் என்று பேர். இன்றைக்கு அந்த இடத்தில் இன்க்ஜெட் இருக்கிறது. தாளுக்குப் பதில் கித்தானிலேயே அடித்துத் தருகிறார்கள்.

ஆக, மச்சான் வாங்கியது போலி இல்லை, நகல். அது கையால் வரைந்ததா அச்சா என்பது தனிக் கேள்வி.

டார்ச் லைட் வைத்தியம்

கண்டுபிடிப்பது பெரிய வித்தையில்லை. வீடியோ காலில் அவனைச் செய்யச் சொன்னேன்.

விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், தூரிகை விட்டுப்போன மேடுபள்ளங்களுக்கு நிழல் விழும். அந்த மேடுகள் வண்ணத்தோடு சேர்ந்து போகிறதா என்று பார்க்க வேண்டும். வெள்ளை அலை நுரை இருக்கும் இடத்தில் மேடு அந்த நுரையின் வளைவிலேயே போனால் கை வேலை. சில இடங்களில் அச்சடித்த கித்தான்மேல் நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்து, கையால் வரைந்ததுபோல் காட்டுவார்கள். அதில் மேடு ஒரு பக்கம் போகும், நிறம் இன்னொரு பக்கம் போகும், இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. அப்புறம் ஒரு பூதக்கண்ணாடி. அச்சென்றால் நிறம் குட்டிக் குட்டிப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும்.

அவன் வீட்டுப் படத்தில் நுரையும் மேடும் ஒத்துப்போயின. கொடியின் சிவப்பு, பக்கத்து நிறத்தின்மேல் ஓரிடத்தில் லேசாக ஏறியிருந்தது, அதைத் துடைத்துத் திரும்பப் பூசிய தடமும் தெரிந்தது. கைதான்.

சரி, எப்படி வரைகிறார்கள்?

பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் பாரதியார் படத்தின்மேல் பென்சிலால் கட்டம் போடச் சொல்லி, வெள்ளைத்தாளிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போடச் சொல்லி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வரையச் சொல்வாரே, அடிப்படை அதுதான். முண்டாசின் வளைவு மூன்றாவது கட்டத்தில் எங்கே நுழைந்து எங்கே வெளியே வருகிறது என்று மட்டும் பார்த்தால் போதும், பாரதி தானாக வந்துவிடுவார். (எனக்கு வந்ததில்லை. மீசை மட்டும் வந்தது.) சினிமா பேனர் வரைந்தவர்களும் இதே கட்டத்தை வைத்துத்தான் உள்ளங்கையளவு ஸ்டில்லை நாற்பதடிக்கு ஏற்றினார்கள். இன்று கட்டத்துக்குப் பதில் புரொஜெக்டர் வந்துவிட்டது, சிலர் மங்கலான கோட்டுருவத்தைக் கித்தானில் அச்சடித்துக்கொண்டு அதன்மேல் வரைகிறார்கள்.

கோடு முடிந்ததும், எங்கே வெளிச்சம் எங்கே இருட்டு என்பதை மட்டும் ஓரிரு மங்கல் நிறங்களில் மெல்லப் பூசிக்கொள்வார்கள். இதை அடிவண்ணம் என்று வைத்துக்கொள்வோம், கட்டடத்துக்கு அஸ்திவாரம் மாதிரி. அதன்மேல்தான் நிறங்கள் ஏறும். எண்ணெய் வண்ணம் என்பது நிறப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. அது தண்ணீர் வண்ணம்போல ஆவியாகிக் காய்வதில்லை, எண்ணெய் காற்றிலிருக்கும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகுகிறது. மேலே தொட்டால் ஒட்டாமலிருக்கவே சில நாள் ஆகும், உள்ளே முழுசாக இறுக மாதக்கணக்காகும். மச்சானுக்குச் சுருட்டி அனுப்பிய கித்தானை விரித்ததும் வீடெல்லாம் எண்ணெய் வாசம் அடித்ததாம், அவன் மனைவி இரண்டு நாள் ஜன்னலை மூடவே விடவில்லை. அது குறையில்லை, வண்ணம் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த வேலை இன்று பெரிய அளவில் நடக்கும் இடம் சீனாவின் ஷென்சென் நகரத்திலுள்ள டாஃபென். 1989இல் ஹாங்காங்கிலிருந்து ஹுவாங் ஜியாங் என்பவர் அங்கே கொஞ்சம் ஓவியர்களோடு போய் நகல் வரையும் தொழிலைத் தொடங்கினார். பின்னால் ஊரே ஆயிரக்கணக்கான ஓவியர்கள் இருக்கும் இடமாகிவிட்டது. வான்கோவின் சூரியகாந்தியைக் கண்ணை மூடிக்கொண்டு வரையும் ஆட்கள் அங்கே இருக்கிறார்கள். பெரிய ஆர்டர் என்றால் வேலையைப் பிரித்துக்கொண்டு, ஒருவர் வானம், ஒருவர் முகம் என்று செய்வதும் உண்டு. கைத்திறனில் இவர்களை மட்டமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். பத்து நிறத்தைக் கலந்து அந்த ஒரு சாம்பல் நீலத்தைப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தால் தெரியும்.

ஆனால் இவர்களில் பெரும்பாலோர் அசலை நேரில் பார்த்தவர்கள் இல்லை, கையிலிருப்பது ஒரு டிஜிட்டல் படம். ஒரே ஓவியத்தை இணையத்தில் தேடினால் ஒன்று மஞ்சளடித்திருக்கும், இன்னொன்று நீலமடித்திருக்கும். எந்த ஃபைல் வந்ததோ அந்த நிறம்தான் ஹாலுக்கு வரும்.

இதுவரை சொன்னதன் சாரம்: மச்சான் வீட்டில் இருப்பது கையால் வரைந்த நேர்மையான நகல். எதன் நகல் என்றால், அசலின் ஒரு போட்டோவின் நகல்.

குக் இப்படித்தான் இறங்கினாரா?

இப்போது பையனின் கேள்வி. மூன்றில் நல்ல கேள்வி அதுதான்.

அசல் ஓவியம் மெல்பர்னில் விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. வரைந்தவர் இமானுவேல் பிலிப்ஸ் ஃபாக்ஸ், மெல்பர்ன்காரர். வரைந்த வருஷம் 1902. குக் கரையிறங்கியது 1770 ஏப்ரல் 29. நடுவில் 132 வருஷம். ஃபாக்ஸ் பிறந்ததே 1865இல். இன்னும் ஒரு வேடிக்கை, அதை ஃபாக்ஸ் பாட்டனி விரிகுடாவில் உட்கார்ந்து வரையவில்லை, லண்டனில் வரைந்தார். கில்பீ என்ற மெல்பர்ன் மருத்துவர் உயிலில் விட்டுப்போன பணத்தில் கொடுத்த வேலை அது. ஆஸ்திரேலிய வரலாற்றுக் காட்சியாக இருக்க வேண்டும், ஆனால் வெளிநாட்டில் வரைய வேண்டும் என்பது நிபந்தனை! 1901இல்தான் ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள் ஒன்றுசேர்ந்து ஒரே நாடாகியிருந்தன. புது நாட்டுக்கு ஒரு பிறப்புக் காட்சி தேவைப்பட்டது.

இப்படி நடந்துமுடிந்த பெரிய சம்பவத்தைப் பல வருஷம் கழித்து, ஏடுகளைப் படித்து, மாடல்களுக்கு உடை மாட்டி நிற்கவைத்து, மேடை நாடகம்போல அமைத்து வரைவதற்கு வரலாற்று ஓவியம் என்று பேர். பெயரில் வரலாறு இருப்பதால் சாட்சி என்று நினைத்துவிடுகிறோம். இது புராணப் படத்துக்கு நெருங்கிய சொந்தம். ராமர் பட்டாபிஷேகப் படத்தைப் பார்த்து யார் எங்கே நின்றார்கள் என்று கோர்ட்டில் சாட்சி சொல்ல முடியாதல்லவா?

ஃபாக்ஸ் படத்தில் குக் நடுவில் கம்பீரமாக நிற்கிறார். துப்பாக்கியைக் குறிபார்க்கும் தன் ஆட்களை, சுடாதே என்று தடுப்பதுபோலக் கையை நீட்டுகிறார். தூரத்தில், பின்னணியில், ஈட்டியோடு இரண்டு பேர் சின்னதாகத் தெரிகிறார்கள். அந்த நிலத்துக்குச் சொந்தமான க்வீகல் மக்கள்.

குக்கின் நாட்குறிப்பு வேறு மாதிரி சொல்கிறது. அவர் கைப்பட எழுதியது. கரையில் இரண்டு பேர் வழிமறித்தார்கள். குக்கே அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு முறை சுட்டார். அவர்கள் ஈட்டிகள் வைத்திருந்த இடத்துக்குப் பின்வாங்கினார்கள், ஒருவர் கல்லை எடுத்து எறிந்தார். குக் மறுபடியும் சுட்டார், சிறு ரவைகளால். சில ரவைகள் அவர்மேல் பட்டன, அவர் ஓடவில்லை, ஒரு கேடயத்தைத் தூக்கிக்கொண்டார். அதாவது, படத்தில் சுட வேண்டாம் என்று தடுக்கும் அதே ஆள்தான் நாட்குறிப்பில் சுடுகிறார். அந்த விரிகுடாவில் தங்கியிருந்த நாட்களிலேயே, அந்த மக்கள் வேண்டியதெல்லாம் நாங்கள் போய்விட வேண்டும் என்பதுதான் போலிருக்கிறது என்றும் எழுதிவைத்தார். (அப்போது அவர் பதவி லெப்டினன்ட். 'கேப்டன்' என்பது நாம் பின்னாலிருந்து கொடுத்த பதவி உயர்வு.)

கரையிலிருந்த குடிசைகளில் கிடைத்த நாற்பது ஐம்பது ஈட்டிகளையும் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போனார்கள். அவற்றில் நான்கு கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி வசம் இரு நூற்றாண்டுக்கு மேல் இருந்தன. 2024இல்தான் சிட்னியிலுள்ள அந்த மக்களிடமே திரும்பின. சாட்சி வேண்டுமென்றால் அந்த ஈட்டிகள் சாட்சி.

கொலம்பஸின் தாடி

இது குக்கோடு முடியும் விஷயமில்லை. அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடத்தின் பெரிய வட்ட மண்டபத்தில் ஜான் வாண்டர்லின் வரைந்த 'கொலம்பஸ் கரையிறங்கினார்' தொங்குகிறது. 12 அடி உயரம், 18 அடி அகலம். மாட்டியது 1847, சம்பவம் 1492. கொலம்பஸை உயிரோடு உட்காரவைத்து வரைந்த படம் என்று ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை, ஆக அந்த முகம் ஓவியரின் உத்தேசம்தான். 1893இல் அமெரிக்கத் தபால் துறை ஒரு தபால்தலை வரிசை வெளியிட்டது. ஒரு சென்ட் தலையில் வேறொரு ஓவியரின் படத்தை வைத்துக் கொலம்பஸ் கரையைப் பார்க்கிறார், முகம் மழமழவென்று சவரம் செய்திருக்கிறது. இரண்டு சென்ட் தலையில் வாண்டர்லின் படத்தை வைத்துக் கரையிறங்குகிறார், முகத்தில் முழுத் தாடி! ஒரே ராத்திரியில். அந்த இரண்டு சென்ட் தலையை நூறு கோடிக்கும் மேல் அச்சடித்தார்கள்.

நம் பக்கத்து வீட்டு உதாரணம் வாஸ்கோ ட காமா. 1498இல் கோழிக்கோடு வந்து அந்த ஊர் மன்னர் சாமூதிரியைப் பார்த்த காட்சியை, சரியாக 400ஆம் ஆண்டு நினைவாக 1898இல் வெலோசோ சல்காடோ என்ற ஓவியர் வரைந்தார், லிஸ்பனில் இருக்கிறது. ராஜ தர்பார், பெரிய தோரணை. அந்தக் கப்பலில் வந்த ஒருவர் எழுதிய குறிப்பைப் பார்த்தால், காமா கொடுக்க எடுத்துவைத்த பரிசு பன்னிரண்டு கோடுபோட்ட துணி, ஆறு தொப்பி, கை கழுவும் பேசின் ஆறு, கொஞ்சம் பவளம், சர்க்கரை, எண்ணெய், தேன். சாமூதிரியின் ஆட்கள் பார்த்துச் சிரித்துவிட்டார்கள். மெக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பான் என்றார்கள். அந்த ஆறு பேசினை யாராவது வரைந்தால் நானே நகல் வாங்கி ஹாலில் மாட்டுவேன்.

சுருக்கமாக: அசலுக்கும் சம்பவத்துக்கும் நடுவில் நூறு, முந்நூறு, நானூறு வருஷமும் ஒரு தேவையும் இருக்கிறது. கையால் வரைந்த நகல் அந்த இடைவெளியைக் குறைப்பதில்லை.

நகலையே பதிலாக்கியவர்கள்

கில்ஃபிலன் என்பவர் குக் கொடியேற்றுவதை வரைந்தார். அந்த அசல் தொலைந்துபோய்விட்டது. 1860களில் சாமுவேல் கால்வர்ட் அதைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படம்தான் மிஞ்சியது. அந்த அச்சை எடுத்து 1991இல் கோர்டன் பென்னட், ஆஸ்திரேலியப் பூர்வகுடி வழிவந்த ஓவியர், பெரிய கித்தானில் வரைந்தார். இல்லாத அசலின், அச்சின், கை நகல். ஆனால் அப்படியே இல்லை, கால்வர்ட் படத்தில் தட்டேந்தி நிற்கும் கறுப்பின வேலைக்காரரின்மேல் கண் போகும்படி மாற்றியமைத்தார்.

ஃபாக்ஸ் படத்தையே 2006இல் டேனியல் பாய்ட் திரும்ப வரைந்தார். அதே நிற்கும் தோரணை, அதே கடற்கரை, ஆனால் குக்கின் கண்ணில் கடற்கொள்ளைக்காரன் கட்டும் கறுப்புப் பட்டை. தலைப்பின் பொருள், 'இங்கே நாங்கள் இவர்களைக் கொள்ளையர் என்போம்'. சிட்னி தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பையனை அழைத்துக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.

36க்கு 24

கடைசியாக அளவு. ஃபாக்ஸின் அசல் ஏறக்குறைய 265 செ.மீ. அகலம், 192 செ.மீ. உயரம். மச்சான் வாங்கியது 36 அங்குலத்துக்கு 24 அங்குலம், கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் சட்டத்தின் அளவு. கணக்குப் போட்டால், 36 அங்குல அகலத்துக்கு 26 அங்குல உயரம் இருக்க வேண்டும். ஆக, இரண்டு அங்குலப் படம் வெட்டுப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாரும் சற்று குட்டையாகியிருக்க வேண்டும். பரப்பு அசலில் ஒன்பதில் ஒரு பங்குக்குப் பக்கம்.

அப்படியானால் பின்னணியிலிருக்கும் அந்த இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று சந்தேகம் வந்து, போனைக் கித்தானுக்குக் கிட்டே கொண்டுபோகச் சொன்னேன். குக்கின் பொத்தான்களை எண்ணலாம், அவ்வளவு நேர்த்தி. தூரத்துக் கரையில் அரை விரல் நீளத்துக்கு இரண்டு பழுப்புத் தீற்றல் இருந்தது. தலை எது, ஈட்டி எது என்று தெரியவில்லை. பையன், "மரமா மாமா?" என்றான்.

மச்சான் விற்றவர்களுக்கு எழுதினான், அந்த இருவரைச் சரியாக வரைந்து தர முடியுமா என்று. மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது: ஓவியரிடம் கேட்டோம், அவருக்கு வந்த ஃபைலில் அந்த இடத்தில் அவ்வளவுதான் தெரிந்ததாம், பெரிய ஃபைல் இருந்தால் அனுப்புங்கள், அதே கித்தான்மேலேயே திரும்ப வரைந்து தருகிறோம். தேடி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். கித்தானைச் சுருட்டித் திருப்பி அனுப்பியாயிற்று. ஹாலில் இப்போது ஆணி மட்டும் இருக்கிறது.